கூண்டில் நிற்க வேண்டியவர் யார்?

தோழர்களே!

திருவண்ணாமலை என்றதும் வெளியூர்த் தோழர்களுக்குக் கார்த்திகைத் தீபம் ஏற்றும் மலைநகரே நினைவுக்கு வரும். நான் கூறுவது அதுவன்று. திருவில்லிபுத்தூருக்கு அருகே, மேற்குமலைத் தொடரின் நிழலிலே, 'தென்திருப்பதி' என்று மக்கள் வழங்கும் திருவண்ணாமலை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அந்தச் சிறு குன்றின் படிகளில் மனித வெள்ளம் ஏறி இறங்கும். இராசபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி வருவார். சத்திரப்பட்டித் தறியாளர் வருவார். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலாளி வருவார். மடியிலே குழந்தையும் கையிலே துளசியுமாகத் தாய்மார் வருவர்.

அவர்களில் எவரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள்: "பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்ததுண்டா?" உண்டு என்பர். சர்க்கரை நோய்க்குக் கொடுத்திருப்பார் ஒருவர். காய்ச்சலுக்குக் கொடுத்திருப்பார் மற்றொருவர். பிள்ளைப்பேற்றுக்கு முன் கொடுத்திருப்பார் இன்னொருவர். "அந்த இரத்தம் பிறகு எங்கே போயிற்று? எந்தக் கை அதைத் தொட்டது? அந்தக் கையில் உறை இருந்ததா? குத்திய ஊசி எந்தக் குப்பையில் விழுந்தது?" என்று கேளுங்கள். விழிப்பர். அவர்கள் மீது குற்றமில்லை. அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்கள் வாய் திறந்ததில்லை.

இராசபாளையத்தைச் சுற்றியுள்ள தறிகளிலே நெய்யப்படும் கட்டுத்துணி, ஊர் ஊராக, நாடு நாடாகச் சென்று காயங்களை மூடுகிறது. உலகத்தின் புண்ணுக்குத் துணி நெய்யும் வட்டாரம் இது! அந்த வட்டாரத்தின் நடு நெஞ்சிலேயே ஒரு புண் ஏற்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருந்தால், நினைவூட்டுவது என் கடமை.

2018 டிசம்பர்த் திங்கள். நமது விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் அரசு மருத்துவமனை. கருவுற்ற ஒரு பெண். உடலிலே இரத்தம் குறைவு. ஏற்ற வேண்டும் என்றனர் மருத்துவர். சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து இரத்தம் வந்தது. ஏற்றப்பட்டது. அந்த இரத்தத்திலே எச்.ஐ.வி. கிருமி இருந்தது!

கொடையாகப் பெறும் இரத்தம் ஒவ்வொன்றையும் ஐந்து நோய்களுக்குச் சோதித்த பின்னரே பிறருக்கு ஏற்ற வேண்டும் என்பது இந்நாட்டு விதி. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள், மேகநோய், மலேரியா ஆகிய ஐந்து. அந்த வேலியைத் தாண்டிக் கிருமி எப்படி வந்தது? வேலியே திறந்து கிடந்தது!

அது வெளிப்பட்ட விதத்தைக் கேளுங்கள். ஆய்வு அதிகாரி கண்டுபிடித்தாரா? இல்லை. மேற்பார்வைக் குழு கண்டுபிடித்ததா? இல்லை. இரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காக உடற்பரிசோதனை செய்தபோது தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அறிந்தவர் மூடி மறைக்கவில்லை, ஓடி ஒளியவில்லை, தாமே மருத்துவமனைக்குச் சொன்னார். ஈராண்டுக்கு முன்பே, 2016-இல் அவர் கொடுத்த இரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தும் அவருக்கு அறிவிக்கப்படவில்லை என்ற செய்தியும் பின்னர் வந்தது. ஆயிரம் பதிவேடுகள் ஊமையாய்க் கிடந்தபோது, ஓர் ஏழை இளைஞரின் மனச்சான்று பேசியது! பேசிய அந்த உள்ளம் பாரம் தாங்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக் கொண்டார்.

அந்தத் தாயின் கண்ணீரை எந்தத் தராசில் நிறுப்பது? உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டது. இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நன்று. ஆனால் அரசாங்க இயந்திரம் முதலில் என்ன செய்தது? இரத்த வங்கிப் பணியாளர்மீது நடவடிக்கை என்றது. "அலட்சியம்" என்ற ஒரே சொல்லில் வழக்கை முடிக்கப் பார்த்தனர் பலர். "ஊழியர் கவனமாக இருந்திருந்தால்..." என்று பெருமூச்சு விட்டனர் சிலர். "எல்லாம் தலைவிதி" என்று ஏட்டை மூடினர் வேறு சிலர்.

விதியாம்! கிருமிக்கு விதி தெரியுமா, தோழர்களே? கிருமி சாதி பார்ப்பதில்லை, சாத்திரம் பார்ப்பதில்லை, நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை. திறந்த வழி இருந்தால் நுழையும். அடைத்த வழி இருந்தால் நிற்கும். வழியைத் திறந்து வைத்தவன் மனிதன். அடைக்க வேண்டியவனும் மனிதன்.

சிவகாசிப் பக்கத்துத் தோழர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. பட்டாசு ஆலை வெடிக்கும். கூரை பறக்கும். கருகிய உடல்களைப் பொறுக்கி எடுப்பர். மறுநாள் ஏட்டிலே, "போர்மேன் கைது" என்று செய்தி வரும். அளவுக்கு மீறி மருந்து வைத்தது யார் கட்டளை? ஓர் அறையில் பத்துப் பேரைத் திணித்தது யார் இலாபத்துக்காக? அந்தக் கேள்விகள் புகையோடு புகையாகக் கலைந்துவிடும். பட்டாசாவது சத்தமிட்டுச் சாகடிக்கிறது. பத்து ஊருக்குக் கேட்கிறது. ஆய்வுக்கூடத்துக் கிருமி ஓசையின்றிப் புகுகிறது. திங்கள் பல கழித்தே தெரிகிறது. ஆகவே அங்கே தப்பிப்பது இன்னும் எளிது!

நாடகம் எழுதிப் பழகிய கை எனது. ஆதலால் ஒரு சிறு காட்சி காட்டுகிறேன். இது முற்றிலும் கற்பனை வழக்கு. சாத்தூர் வழக்கின் விசாரணை என்று எவரும் கொள்ள வேண்டாம்.

நீதிமன்றம். கூண்டிலே ஓர் ஆய்வுக்கூடப் பணியாளர். எதிரே பட்டுக்கரை அங்கவத்திரத்துடன் அதிகாரம்.

அதிகாரம் முழங்குகிறது: "இவன் ஒழுங்காகச் சோதிக்கவில்லை. இவனை நீக்கிவிட்டால் நாடு நலம்பெறும்!"

நீதிபதி: "சாட்சி உண்டா?"

குளிர்பெட்டி வருகிறது. "ஐயா, சோதனை மருந்துகளை 2 முதல் 8 பாகை வெப்பத்துக்குள் நான் காக்க வேண்டும். மின்சாரம் போனால் எனக்கு மாற்று ஏற்பாடு இல்லை. எழுதிக் கேட்டார் இவர். பதில் வரவில்லை."

ஊசி வருகிறது. "ஐயா, பயன்படுத்திய என்னைத் துளைக்க முடியாத வெண்ணிறப் பெட்டியில் போட வேண்டும் என்பது சட்டம். பெட்டி தீர்ந்துவிட்டது. மருந்துப்புட்டி அட்டைப்பெட்டியில் போட்டனர். துப்புரவுப் பெண்ணின் விரலிலே நான் ஏறினேன். அவருக்குத் தடுப்பூசியும் போடப்படவில்லை."

பதிவேடு தள்ளாடி வருகிறது. "ஐயா, என்னிடம் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எனக்கும் அடுத்த ஊர்ப் பதிவேட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என்னை எழுதுவதற்கு ஆள் உண்டு. படிப்பதற்கு ஆள் இல்லை."

நாற்காலி வருகிறது. காலியாக! "ஐயா, நான் இரண்டாவது பணியாளருக்குரிய இடம். முதல்வர் செய்ததை மறுமுறை சரிபார்க்க வேண்டியவருக்காக என்னைப் போட்டனர். ஆண்டுகள் பலவாக என்மீது அமர்ந்திருப்பது தூசு ஒன்றே."

நீதிபதி எழுதுகோலைக் கீழே வைக்கிறார். அதிகாரத்தைப் பார்த்துக் கேட்கிறார்: "ஐயா, தாங்கள் ஏன் இன்னும் அந்தப் பக்கமே நிற்கிறீர்கள்?"

திரை!

"அப்படியானால் தவறு செய்த ஊழியரைத் தட்டிக் கொடுக்கச் சொல்கிறாயா?" என்று கேட்பர். சொல்லவில்லை. சோதிக்காத இரத்தத்துக்குச் 'சோதித்தது' என்று முத்திரை குத்தும் கை எதுவாயினும் அந்தக் கை கணக்குச் சொல்லியே ஆக வேண்டும். நான் கேட்பது வேறு. ஒரு மனிதர் தவறினால் ஒரு தாயின் வாழ்வே சிதையும் என்ற நிலையில் அந்த ஏற்பாட்டை அமைத்தது யார்? மனிதர் தவறுவார். இரவெல்லாம் விழித்தவர் தவறுவார்; இருவர் வேலையை ஒருவர் செய்பவர் தவறுவார். ஒருவர் தவறை மற்றொருவர் பிடிக்கும்படி அமைப்பதுதான் ஏற்பாடு. அதை அமைக்காதவரும் கூண்டுக்கு உரியவரே.

வரலாற்றைப் புரட்டுவோம். 1902 அக்டோபர்த் திங்கள். பஞ்சாபிலே முல்கோவால் என்னும் சிற்றூர். பிளேக் நோய்க்குத் தடுப்பூசி போடுகின்றனர். 107 பேருக்குப் போட்டதில், ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் வாய்ப்பூட்டு நோய் கண்டு மாண்டனர். மருந்தைக் கண்டவர் வால்டெமார் ஹாஃப்கின் என்னும் அறிஞர். 1897-இல் பம்பாயில் முதல் ஊசியைத் தம் உடலிலேயே போட்டுக்கொண்ட தீரர். யூதர், ஆங்கில ஆட்சிக்கு அயலார். பழி அவர்மீது விழுந்தது. பதவி போயிற்று, பெயர் கெட்டது. உண்மை என்ன? அந்தச் சிற்றூரிலே புட்டியைத் திறந்தபோது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதை முறைப்படி தூய்மை செய்யாமலே பயன்படுத்தினர். ஐந்தாண்டுகள் கழித்து, 1907-இல்தான் ஹாஃப்கின் குற்றமற்றவர் என்று ஆட்சி ஒப்புக்கொண்டது.

இடுக்கி ஒன்று மண்ணில் விழுந்தது. 19 உயிர் மண்ணுக்குப் போயிற்று! அங்கே சிறு கை தவறியதற்குப் பெரிய தலை உருண்டது. இங்கே பெரிய இடத்துப் பிழைக்குச் சிறிய தலைகள் உருளுகின்றன. இரண்டிலும் காண்பது ஒன்றே. உண்மையைத் தேடுவதற்கு முன்னே, கயிற்றுக்கு ஏற்ற கழுத்தைத் தேடுகின்றனர்!

மேலை நாட்டிலே இப்படி நடப்பதில்லை என்று எண்ணுவோர் உண்டு. 2007-இல் இங்கிலாந்தில் பிர்பிரைட் என்னுமிடத்தில் கால்நடை நோய் ஆய்வகம் ஒன்றும், அதே வளாகத்தில் தடுப்பூசி செய்யும் தனியார் கூடமும் இருந்தன. கழிவுநீர்க் குழாய் இரண்டுக்கும் பொது. குழாயோ பழையது, கசிந்தது. அது முன்னமே தெரியும். பழுது பார்க்கும் செலவை ஏற்பவர் யார் என்று பேசிப் பேசிக் காலம் கழித்தனர். கோமாரிக் கிருமி மண்ணில் இறங்கியது. மண் வண்டிச் சக்கரங்களில் ஏறியது. பண்ணைகளிலே நோய் புகுந்தது. குழாய்க்குக் கணக்குப் பார்த்தவர்கள், நோய்க்குக் கணக்கின்றிக் கொடுத்தனர்.

1979-இல் சோவியத் நாட்டிலே ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்து இராணுவ ஆய்வகத்திலிருந்து அடைப்பான் நோயின் வித்துக்கள் காற்றில் கலந்தன. 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். "கெட்ட இறைச்சி தின்றனர், செத்தனர்" என்றது ஆட்சி. உண்மையை ஒப்புக்கொள்ளப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. வல்லரசாயினும் என்ன, அடைக்காத ஓட்டையை வாயால் அடைக்க முயன்றால் பிணங்கள் பேசத்தான் செய்யும்!

நம் தமிழகத்துக்கு வருவோம். இந்தியாவிலே எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது எங்கே? 1986-இல், நம் சென்னையிலே! சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவி இரத்தம் சேகரித்தார். கையுறை இல்லை, காப்புடை இல்லை. பிரித்த நிணநீரைப் பாதுகாக்கத் தம் வீட்டுக் குளிர்பெட்டியைப் பயன்படுத்தினார். பனிக்கட்டிப் பெட்டியிலே வைத்து, இரயிலேறி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். அங்கேதான் உண்மை தெரிந்தது.

அந்தப் பெண்ணின் துணிவை எண்ணும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்தத் துணிவு ஏன் தேவைப்பட்டது? கையுறை இல்லாததால்! ஊழியரின் துணிவைப் பாராட்டிக்கொண்டே அவரை வெறுங்கையோடு அனுப்பும் நாடு, பெருமைப்பட வேண்டிய நாடன்று. 2020-இலே கொரோனாக் காலத்தில், தொண்டையிலிருந்து எடுத்த சளியைக் கையில் ஏந்தி நின்ற ஆய்வுக்கூடத் தோழர்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் நாடே கைதட்டியது. கைதட்டல் கையுறை ஆகுமா, தோழர்களே?

பாதுகாப்பின் பெயராலே மற்றொரு வித்தையும் நடந்தது. 2008 சனவரியில், சென்னைக் கிண்டியின் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம், 1907 முதல் பணியாற்றும் குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனம், வடக்கே கசௌலியின் மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்றின் தடுப்பூசி உற்பத்தி உரிமத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. நல்லுற்பத்தி நெறிக்கு அவை ஒத்துவரவில்லை என்றனர். ஒத்துவரச் செய்ய வேண்டியவர் யார்? அதே மத்திய அரசு! வீட்டுக்கு உரியவரே கூரை வேயாமல் விட்டுவிட்டு, 'வீடு ஒழுகுகிறது' என்று கூறிக் கதவைப் பூட்டிய கதை இது. எதிர்ப்பு எழுந்தது; 2010-இல் அந்தத் தடை விலக்கப்பட்டது. நெறி வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. நெறியைக் காட்டிப் பொதுமக்களின் கூடத்தைப் பூட்டுவோர், அந்த நெறிக்குப் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

"ஏழை நாடு. பெரும் பாதுகாப்புக்குப் பணத்துக்கு எங்கே போவது?" என்பார் பொருளாதாரப் புலவர். அவருக்குப் பதில் உண்டு. கிருமி ஆய்வுக்கூடங்களை உலகம் நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. மருந்தில்லாக் கொடுங்கிருமிகளுக்கு நான்காம் படி. புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தில் அத்தகைய கூடம் உண்டு. அங்கே காற்றையும் வடிகட்டியே வெளியே விடுவர். திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் அந்தக் கோட்டையை நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது எளியது: கழுவ ஓடும் நீர், கைக்கு உறை, ஊசிக்குப் பெட்டி, கிருமிக் கழிவை 121 பாகை நீராவியில் அவித்துக் கொல்லும் கலம், பணியாளர் உடம்பிலே மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, ஒருவர் செய்ததைச் சரிபார்க்க மற்றொருவர். இதற்குக் குபேரன் வேண்டியதில்லை, அக்கறை வேண்டும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது! கொடிய நுண்ணுயிர்களைக் கையாள 1989-இலேயே விதிகள் வந்தன. மருத்துவக் கழிவுக்கு 1998-இல் விதி. 2016-இல் புது விதி. என்ன சொல்கிறது 2016 விதி? ஆய்வுக்கூடக் கழிவையும் இரத்த மாதிரியையும் அந்த இடத்திலேயே கிருமி நீக்கிய பின்னரே வெளியே அனுப்ப வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்துச் சேர்க்க வேண்டும். கழிவைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தடுப்பூசி போட வேண்டும். ஆண்டுதோறும் பயிற்சியும் உடற்பரிசோதனையும் தர வேண்டும். எழுதியது யார்? ஆட்சியாளரே! ஏட்டுச் சுரைக்காயைக் காட்டிக் கறி சமைக்கச் சொல்கின்றனர் கடைசி ஊழியரிடம். அவரோ பல இடங்களில் ஒப்பந்த ஊழியர். குறையை எடுத்துச் சொன்னால், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் தொடருமோ என்று அஞ்சி வாய் மூடுபவர். அஞ்சி வாய் மூடும் இடத்திலே கிருமிதான் பேசும்!

ஆகவே முதற் பாதுகாப்பு, குறையைச் சொல்லும் உரிமை. "ஊசி குத்திவிட்டது" என்று ஓர் ஊழியர் உடனே சொன்னால், 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி, 28 நாள் உட்கொண்டு, எச்.ஐ.வி. பற்றாமல் தடுக்க வழி உண்டு. சொன்னால் வேலை போகும் என்றால் சொல்வாரா? மறைப்பார். மறைத்த ஊசி அவர் வீட்டுக்கும் வரும். நம் வீட்டுக்கும் வரும்.

தோழர்களே! கொடி கட்டுவதும் கூட்டம் சேர்ப்பதும் மட்டுமே நம் வேலை என்று கருதுவோருக்கு இந்தக் கட்டுரை கசக்கும். கசக்கட்டும். 2022-இல் விருதுநகரிலே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மகிழ்கிறோம். கட்டடத்தைத் திறந்து வைக்க நாடா வெட்டுவோர் பலர் வருவர். அதனுள்ளே ஊசிப்பெட்டி இருக்கிறதா என்று பார்க்க வருவோர் யார்? நீங்கள்தான்!

இந்தத் திங்களிலேயே உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள், பணியாளரை மிரட்டாதீர்கள், அவர் நம் பக்கத்து மனிதர். பணிவாக, ஆனால் விடாமல், பொறுப்பாளரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். ஆய்வுக்கூடத்தில் எத்தனை பணியிடம், எத்தனை காலி? துப்புரவுப் பணியாளர் உள்பட எத்தனை பேருக்குத் தடுப்பூசி போடப்பட்டது? கழிவை அவிக்கும் கலம் இயங்குகிறதா? கடைசியாகப் பயிற்சி நடந்தது எந்த நாள்? இரத்தத்தில் தொற்றுக் கண்டால், கொடுத்தவருக்கு இரகசியம் காத்து அறிவிக்கும் பொறுப்பு யாருடையது? தனியார் கூடங்களிலும் இவற்றுள் பொருந்துவதைக் கேளுங்கள். விடை வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் அரசு அலுவலகங்களிடம் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. கிடைத்த விடையைத் தெருமுனைக் கூட்டத்திலே படியுங்கள். நம்மவர் ஆட்சியாயினும் படியுங்கள்; மாற்றார் ஆட்சியாயினும் படியுங்கள். கிருமி கட்சிக்கொடி பார்ப்பதில்லை!

மனச்சான்று ஒன்றே துணையாக நின்று உண்மை சொன்ன ஓர் இளைஞர் இந்த மாவட்டத்து மருத்துவமனைக்கு வந்தார், சொன்னார், மறைந்தார். அவர் தனியாக நின்றார், நாம் கோடிக்கணக்கானோர். அவர் சொன்னதைக் கேட்டும் நாம் வாளாவிருந்தால், நாளை எழும் வழக்கிலே நாற்காலியும் ஊசியும் பதிவேடும் சாட்சி சொல்லும்போது, கூண்டில் நமக்கும் ஓர் இடம் காத்திருக்கும்.

கேளுங்கள்! எழுதுங்கள்! காலி நாற்காலி நிரம்பும்வரை ஓயாதீர்கள்!